காட்டுயிர் அறிவியல் படிக்க விரும்புவோருக்கு: பிளஸ் டூ முதல் முதுநிலை ஆய்வேடு வரை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் சமயத்தில், காட்டுயிர் பற்றிப் படிக்க எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டு மாணவர்களும் பெற்றோரும் வருவார்கள். அவர்களில் பலருடைய மனத்தில் இருப்பது யானையும் புலியும் கேமராவும்தான். படிப்புக்குள் நுழைந்தபின் எதிர்ப்படுபவை வேறு கேள்விகள். ஓர் இனம் ஓரிடத்தில் எத்தனை இருக்கிறது, ஏன் அத்தனை இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா, குறைந்தால் எதனால் குறைகிறது, என்ன செய்தால் அந்தச் சரிவு நிற்கும்? இவற்றுக்கு விடை காண அளவீடும் கணக்கும் வேண்டும். ஆகவே கல்லூரி, பாடம், பயிற்சி, வழிகாட்டி என்று எதைத் தேர்வு செய்வதற்கும் நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே: அந்த இடம் உங்களுக்கு ஒழுங்காக எண்ணக் கற்றுத்தருமா, கண்ணில் படாமல் போனதையும் கணக்கில் சேர்க்கக் கற்றுத்தருமா என்று பாருங்கள்.

இதன் பொருள் விளங்க இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2022ஆம் ஆண்டு நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்களில் பதிவான தனித்தனிப் புலிகள் 3,080. நாட்டில் உள்ள புலிகளின் சராசரி மதிப்பீடாக வெளியிடப்பட்ட எண் 3,682. இடையில் உள்ள அறுநூறு புலிகளை யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுக்கப்பட்ட புலிகள் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் மீண்டும் சிக்கின என்பதிலிருந்தும், கேமரா வைக்காத காடுகளில் உள்ள தடயம், இரை, வாழிடம் ஆகியவற்றிலிருந்தும் அந்த எண் கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பு நம்பத்தக்கதா என்று சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரே இந்தத் துறையில் படித்தவர்.

இரண்டாவது, பாறு கழுகுகளின் கதை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கழுகு, பருந்து போன்ற இரைவாரிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1990களில் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று கணக்கெடுத்தபோது பாறுகளின் எண்ணிக்கை பயங்கரமாகச் சரிந்திருப்பதைக் கண்டார். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவற்றின் பிணத்தைத் தின்னும் பாறுகளின் உடலில் சேர்ந்த டைக்குளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்தே காரணம் என்பது 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கான பயன்பாட்டை இந்தியா தடைசெய்தது. முதுமலையும் சத்தியமங்கலமும் சேரும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன என்றால், அந்தத் தடைக்கும் அதைத் தொடர்ந்த களப்பணிக்கும் அதில் பங்கு உண்டு. பழைய கணக்கு ஒன்று முறையாக எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் புதிய கணக்கு பேசியது. மாணவர் ஒருவர் இன்று எழுதும் குறிப்பேட்டுக்கும் இதே மதிப்பு வரக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இளநிலையில் எதை எடுப்பது

பெயரிலேயே 'காட்டுயிர்' என்று இருக்கும் இளநிலைப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ படிப்பது நல்ல தொடக்கம். என்னைக் கேட்டால், தாவரவியலைச் சற்று அழுத்திச் சொல்வேன். மரஞ்செடிகளை அடையாளம் காணத் தெரியாமல் காட்டில் விலங்கை ஆராய முடியாது. விலங்கியல் பட்டதாரிகள் பலர் முதுநிலையில் திணறுவது இந்த இடத்தில்தான். கணிதம், புள்ளியியல், இயற்பியல் படித்தவர்களும் தயங்க வேண்டாம். பெங்களூரில் தேசிய உயிரி அறிவியல் மையம் நடத்தும் காட்டுயிர் முதுநிலைப் படிப்பில் பொறியியல் பட்டதாரிகளும் சேர்ந்து படித்திருக்கிறார்கள். கணக்கில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் பெரிய பலம்.

பட்டத்தின் பெயரை ஒரு காரணத்துக்காக மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வை எழுத, விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கப்படும் சில பட்டங்களின் பெயர் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலில் இருக்காது. அரசுக் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் இதே சிக்கல் வரலாம். உங்கள் பட்டம் விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வனவியலில் விருப்பம் உள்ளவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. நான்கு ஆண்டுப் பட்டம். மரம் வளர்ப்பும் வன மேலாண்மையும் அதில் முதன்மை. விலங்குகளின் நோய், உடலியல், மயக்க ஊசி ஆகியவற்றில் நாட்டம் இருந்தால் கால்நடை மருத்துவமே சரியான வழி. அங்கிருந்து காட்டுயிர் மருத்துவத்துக்குப் போகலாம். கடல்மேல் ஆசை இருந்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தை முதுநிலைக்காகக் குறித்து வையுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு அதற்கு அருகிலேயே இருக்கிறது.

அந்த மூன்று ஆண்டுகளில் செய்ய வேண்டியது

புலிகள் காப்பகத்துக்குள் நுழைய இளநிலை மாணவருக்கு அனுமதி கிடைப்பது அரிது. உங்கள் ஊர் ஏரிக்கு அனுமதி வேண்டாம். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் புகழ்பெற்றவை என்றாலும், பெயர் தெரியாத ஒரு கண்மாயும் படிப்புக்குப் போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே கரை வழியாக நடந்து, அங்குள்ள பறவைகளை எண்ணி எழுதுங்கள். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண இருகண்நோக்கி ஒன்றும் கோடு போட்ட நோட்டு ஒன்றும் போதுமானவை.

குறிப்பேட்டின் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேலே நாள், ஏரியின் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், உடன் வந்தவர், மேகமூட்டம், காற்று, நீர்மட்டம். நீர்மட்டத்தை 'நிறைய', 'குறைவு' என்று எழுதக் கூடாது. மதகின் எந்தப் படி வரை நீர் நிற்கிறது என்று எழுதினால் அடுத்த வாரத்தோடு ஒப்பிடலாம். அதன் கீழே இனத்தின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல். கூட்டமாக இருந்தால், பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளந்து மதிப்பிடலாம். மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே குறிக்க வேண்டும். அடையாளம் உறுதியாகாத பறவையை 'உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவது, தெரிந்ததாக ஊகித்து எழுதுவதைவிட நூறு மடங்கு நல்லது. கடைசியாக, போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லாதவற்றையும் எழுத வேண்டும். 'முக்குளிப்பான்: இல்லை' என்ற வரி வீண் வரி போலத் தோன்றும். ஆனால் வெறும் 'பார்த்தேன்' குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இனம் குறைகிறது என்று யாராலும் நிறுவ முடியாது. எவ்வளவு நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்ற செய்தியே ஒப்பீட்டுக்கு அடித்தளம். பறவைக் குறிப்புகளைத் திரட்டும் இபேர்டு இணையதளத்தில் பதிவேற்றும்போது முழுப் பட்டியலாகப் பதிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

இதை ஓராண்டு விடாமல் செய்தவரிடம் நேர்முகத் தேர்வில் கேட்பதற்கு நிறைய இருக்கும். அவரிடம் சொல்வதற்கும் நிறைய இருக்கும். அரிய விலங்கைப் படம் பிடித்த அனுபவத்தைவிட இது தேர்வாளர்களின் கண்ணில் உயர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

சென்னையில் படிப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் இரவு முழுவதும் கடற்கரையில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கி வருகிறது. ஜனவரி முதல் நடைகள் நடக்கும். பல கிலோமீட்டர் மணலில் நடப்பதும், செத்து ஒதுங்கிய ஆமையின் ஓட்டை அளப்பதும், குழியில் எத்தனை முட்டை, அவற்றில் எத்தனை பொரித்தன என்று எழுதுவதும் களப்பணியின் உண்மையான முகத்தை அறிமுகப்படுத்தும்.

கோடை விடுமுறையில் ஆய்வு நிறுவனங்களுக்குப் பயிற்சி கேட்டு எழுதும்போது, 'எனக்கு இயற்கை மீது பேரார்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன. யாருக்கு எழுதுகிறீர்களோ அந்த ஆய்வாளரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத அல்லது மேலும் அறிய விரும்பும் ஒரு செய்தியைக் கேட்டு, உங்கள் ஏரிக் கணக்கின் ஒரு பக்கத்தை இணைத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்று சொல்லி அரைப் பக்கத்தில் முடியுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். பிழை பார்ப்பவர்களைவிடச் செய்தி பார்ப்பவர்களே இந்தத் துறையில் அதிகம்.

முதுநிலை: எங்கே

தமிழ்நாட்டுக்குள் இரண்டு இடங்களை முதலில் சொல்ல வேண்டும். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியும், உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியலில் முதுநிலைப் பட்டம் தருகின்றன. நாட்டின் பல காப்பகங்களில் இன்று வேலை செய்யும் காட்டுயிர் ஆய்வாளர்களில் மன்னம்பந்தலில் படித்தவர்களைக் காணலாம். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் அளவில் இருக்கும். கல்லூரியைச் சுற்றியே காவிரிப் படுகையோ நீலகிரியோ களமாக இருக்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுநிலைப் படிப்பு உண்டு. அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வு எழுத வேண்டும். கேரளத்தில் வயநாட்டின் பூக்கோட்டில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகமும் காட்டுயிர்ப் படிப்பு நடத்துகிறது.

தேசிய அளவில் போட்டி கடுமையாக உள்ளவை இரண்டு. 1982இல் டேராடூனில் தொடங்கப்பட்ட இந்திய வன உயிரின நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பு ஒன்று. கோவை ஆனைகட்டியில் 1990 முதல் இயங்கிவரும் சாலிம் அலி பறவையியல் மையமும் இப்போது அந்நிறுவனத்தின் தென்னக மையமாகியிருக்கிறது. மற்றது, நான் மேலே சொன்ன பெங்களூர் தேசிய உயிரி அறிவியல் மையத்தின் படிப்பு, 2004இல் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சுமார் பதினைந்து பேரை மட்டுமே எடுப்பார்கள், ஆண்டுதோறும் சேர்க்கை இருக்காது. ஆகவே இளநிலை முடியும் ஆண்டில் சேர்க்கை உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்து, இல்லையென்றால் இடைப்பட்ட ஆண்டை எங்காவது கள உதவியாளராகக் கழிக்கத் திட்டமிடலாம். அந்த ஓராண்டு வீணாகாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

எந்த இடமானாலும் சேர்வதற்கு முன் அங்கு படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். புள்ளியியல் வகுப்பு எத்தனை மணி நேரம், கணினியில் செய்து பார்க்கிறார்களா அல்லது கரும்பலகையோடு முடிகிறதா? ஆய்வேட்டுக்குக் களத்தில் தொடர்ச்சியாக எத்தனை மாதம் கிடைக்கிறது? வன அனுமதி வாங்குவதில் துறை உதவுகிறதா, மாணவர் தனியாக அலைய வேண்டுமா? பெண்கள் களத்தில் தங்குவதற்கு என்ன ஏற்பாடு? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் கல்லூரி, கட்டடம் பெரிதாக இருக்கும் கல்லூரியைவிட மேலானது.

கணக்கைக் கண்டு ஒதுங்காதீர்கள்

இந்தப் பகுதியைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். இத்துறையில் மாணவர்கள் அதிகமாக விலகி ஓடுவதும், பிறகு அதிகமாக வருந்துவதும் இங்கேதான்.

முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் புள்ளிமான் எத்தனை என்று அறிய வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுப் பாதைகள் குறிக்கப்படும். இதை டிரான்செக்ட் என்பார்கள். விடிந்ததும் இருவர் நடப்பார்கள். முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர், பின்னால் திசைகாட்டியும் லேசர் தொலைவுமானியும் வைத்திருக்கும் மாணவர். வலப்புறம் மருத மரத்தடியில் ஏழு மான்கள். உடனே எண்ணிக்கை, கூட்டத்தின் நடுப்பகுதி வரை உள்ள தொலைவு, பாதைக்கும் அந்தத் திசைக்கும் இடையிலான கோணம் மூன்றையும் எழுத வேண்டும். தொலைவு 60 மீட்டர், கோணம் 30 பாகை என்றால், 60ஐ 30 பாகையின் சைன் மதிப்பான அரையால் பெருக்க, பாதையிலிருந்து செங்குத்துத் தொலைவு 30 மீட்டர். மான்கள் நம்மைக் கண்டு ஓடினால், ஓடி நின்ற இடத்தை அளக்கக் கூடாது. முதலில் நின்ற இடத்தில் உள்ள மரத்தை அளக்க வேண்டும். தொலைவைக் கண்ணால் குத்துமதிப்பாக 20, 30, 50 என்று எழுதுபவரின் தரவை வரைபடமாகப் போட்டால் முழு எண்களில் மட்டும் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும். அனுபவமுள்ள ஆசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது கணக்கு. பத்துப் பாதைகளையும் ஆறு முறை நடந்தால் மொத்தம் 120 கிலோமீட்டர். வழியில் 60 கூட்டங்கள் பதிவாயின என்று கொள்வோம். பாதையின் இருபுறமும் 100 மீட்டர் வரை இருந்த எல்லாக் கூட்டத்தையும் பார்த்துவிட்டோம் என்று நம்பினால், பார்த்த பரப்பு 24 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 2.5 கூட்டம். உண்மையில் தொலைவு கூடக்கூடப் பார்வைக்குத் தப்பும் கூட்டங்களும் கூடும். பதிவான தொலைவுகள் எப்படிக் குறைந்துகொண்டே போகின்றன என்பதைக் கொண்டு, பயனுள்ள பார்வை அகலம் ஒரு பக்கத்துக்கு 50 மீட்டர்தான் என்று கணிக்கப்பட்டால், பரப்பு 12 சதுர கிலோமீட்டராகிறது. அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 5 கூட்டம். ஒரே காடு, ஒரே நடை, ஒரே குறிப்பேடு. ஆனால் விடை இரு மடங்கு வேறுபடுகிறது. இனி உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுக் களை) புதராக மண்டிய பகுதியையும் திறந்த பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதருக்குள் மான் குறைவாகத் தெரிவது மான் குறைவாக இருப்பதாலா, பார்வை மறைவதாலா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், உண்ணிச்செடியை அகற்றினால் மான் பெருகும் என்று வனத்துறைக்குப் பரிந்துரை எழுதுவது பொறுப்பான செயல் ஆகாது.

இதைக் கற்க உயர்கணிதம் வேண்டாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலும், நிகழ்தகவின் அடிப்படையும், சராசரிக்கும் பிழை எல்லைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்வதும் போதும். புள்ளியியல் கணக்குகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) மென்பொருளை இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். உங்கள் ஏரிக் கணக்கையே தரவாகக் கொடுத்து மாதந்தோறும் எண்ணிக்கை மாறுவதை வரைந்து பாருங்கள். நிலப்பட வேலைக்குக் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளும் இலவசமே. மீள்பிடிப்பு முறை (அடையாளம் கண்ட விலங்கு மீண்டும் சிக்குவதைக் கொண்டு எண்ணிக்கையைக் கணிப்பது), பரவல் மதிப்பீடு (ஓர் இனம் எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்று கணிப்பது) ஆகியவை முதுநிலையில் வரும். புலிகளின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறாக இருப்பதால் பாதையின் இருபுறமும் கேமரா கட்டுகிறார்கள் என்பது போன்ற நடைமுறைகள் எல்லாம் அந்தக் கணக்கின் தேவையிலிருந்து பிறந்தவை என்பது அப்போது தானாகவே புரியும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்தே வளர்க்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முன்னுரையிலேயே சொல்நடையில் சிக்கிக் களைத்துவிடுகிறார்கள். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், அடுத்து ஆய்வுமுறைப் பகுதியைப் படியுங்கள், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். எங்கே, எத்தனை நாள், எதை அளந்தார்கள் என்பதை உங்கள் சொந்தத் தமிழில் ஐந்து வரியில் எழுத முடிந்தால் கட்டுரை உங்களுக்குப் புரிந்துவிட்டது.

களத்துக்குப் போவதற்கு முன்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய அனுமதி பெற வேண்டும். தமிழ்நாட்டில் விண்ணப்பம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கல்லூரி வழியாகப் போகும். விலங்கைத் தொடுவது, பிடிப்பது, மாதிரி எடுப்பது எதுவாக இருந்தாலும் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள, மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற இனங்களைப் பிடிக்க மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் ஆண்டு முடிவதற்குள் ஆய்வுக் கேள்வியையும் இடத்தையும் முடிவு செய்து விண்ணப்பித்துவிட வேண்டும். அனுமதி தாமதமானால் என்ன செய்வது என்பதற்குக் காப்பகத்துக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்திலோ கோயில் காட்டிலோ ஏரியிலோ செய்யத்தக்க மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்.

காட்டில் உங்களுக்கு உண்மையான ஆசிரியர்கள் காடர், மலசர், இருளர், காணி முதலான பழங்குடி மக்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான். யானை அருகில் இருப்பதை ஒடிந்த கிளையின் ஈரத்திலிருந்தும் காற்றில் வரும் வாடையிலிருந்தும் அவர்கள் நமக்கு முன்பே அறிந்துவிடுவார்கள். நில் என்றால் நில்லுங்கள், திரும்பு என்றால் திரும்புங்கள். அன்றைய தரவு போனால் போகட்டும். அவர்களை அண்ணன், அக்கா, ஐயா என்று அந்த ஊர் வழக்கப்படி மரியாதையாக அழையுங்கள். கூலியை நாள் தவறாமல் கொடுங்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்கள் பெயர் எழுத்துப் பிழையின்றி வர வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் களத்துக்குப் போகும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்கள் நடக்கும் காடு பலருக்கு வீடு.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. மங்கலான நிற உடை, அட்டை கடிக்காமல் இருக்க அணியும் காலுறை, மழைக்காலத்தில் குறிப்பேட்டைப் பாதுகாக்க நெகிழிப் பை, பென்சில். பேனா மை மழையில் கரைந்து ஓடும். உண்ணி கடித்தபின் காய்ச்சல் வந்தால், காட்டில் இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய குறிப்பை அன்று இரவே கணினியில் ஏற்றி, நோட்டின் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

ஆய்வேட்டுக் கேள்வி

'ஆனைமலையின் பாலூட்டிகள் பற்றிய ஆய்வு' என்பது தலைப்பு, கேள்வி அன்று. 'சோலைக்காட்டுத் துண்டின் பரப்பு குறையும்போது அங்கே தங்கும் பூச்சியுண்ணும் பறவை இனங்கள் குறைகின்றனவா' என்பது கேள்வி. ஐந்து மாதத்தில் ஒருவர் தனியாகத் திரட்டும் தரவால் விடை சொல்லத்தக்க அளவில் கேள்வி சுருங்கியிருக்க வேண்டும். அரிய விலங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான யோசனை. சிறுத்தையைத் தேடி ஒரு பருவம் முழுவதும் நடந்தாலும் பகுப்பாய்வுக்குப் போதுமான தரவு சேராமல் போகலாம். தவளை, சிலந்தி, எறும்பு, தேனீ, அணில் எல்லாம் போதுமான எண்ணிக்கையில் இருக்கும். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களைக் கால்நடையாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் அதற்குக் கொடுத்த காலம் முதுநிலை மாணவருக்குக் கிடைக்காது.

நல்ல கேள்வி பாதுகாப்புப் பணியை எப்படி மாற்றும் என்பதற்கு வால்பாறை சான்று. ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த அந்தத் தேயிலைப் பீடபூமியில் யானைகளால் மனிதர்கள் இறப்பதைத் தடுக்க வேண்டியிருந்தது. யானையை விரட்டுவது எப்படி என்று கேட்பதற்கு மாறாக, இறந்தவர்கள் எந்த நேரத்தில், எந்த நிலையில் யானையை எதிர்கொண்டார்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் கேட்டார்கள். யானை அருகில் இருப்பது தெரியாமல் இருட்டில் நடந்தவர்களே பெரும்பாலும் இறந்தார்கள் என்று தெரியவந்தது. அதன் பயனாகவே கேபிள் டிவியில் ஓடும் அறிவிப்பும், கைபேசிக் குறுஞ்செய்தியும், யானை இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே காட்டும் சிவப்பு விளக்குகளும் வந்தன. எண்ணியதும் எழுதியதும் உயிர் காத்த இடம் அது. உங்கள் ஆய்வேட்டுக் கேள்வியை முடிவு செய்யும்போது, இதன் விடை 'ஆம்' என்று வந்தால் யார் எதை மாற்றிச் செய்வார்கள், 'இல்லை' என்று வந்தால் எதை மாற்றிச் செய்வார்கள் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருந்தால் கேள்வியைத் திருத்துங்கள்.

படித்து முடித்தபின்

வேலை வாய்ப்பு பற்றிப் பெற்றோரிடம் உண்மையை மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும்; காப்பகங்களில் உயிரியலாளர், ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர், தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளர். முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் தேசிய அளவில் நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுதலாம். அதில் சூழலியலும் பரிணாமமும் தனிப் பகுதிகள். அந்தத் தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், மேலே சொன்ன டேராடூன், ஆனைகட்டி நிறுவனங்கள் ஆகியவை முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தக்கவை. சொந்தமாகச் சிறு திட்டம் நடத்த ரஃபோர்டு நிதி நல்கையும், கருவிகளுக்கு ஐடியா வைல்டு அமைப்பும் மாணவர்களுக்கு உதவுகின்றன. பெங்களூரில் 2010 முதல் நடந்துவரும் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். உங்கள் வயதுள்ள பிள்ளைகள் தங்கள் தரவை மேடையில் வைத்துக் கேள்விகளுக்கு விடை சொல்வதைப் பார்ப்பது எந்தப் பாடநூலும் தராத பயிற்சி.

ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒப்படைத்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். திரட்டிய தரவு முழுவதையும், அட்டவணையின் எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, எந்த அலகில் அளந்தது என்ற விளக்கத்தோடு உங்கள் துறையிடம் கோப்பாகக் கொடுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே பாதையில் நடக்க வரும் மாணவருக்கு அது தேவைப்படும். அடுத்து, என்ன கேட்டோம், என்ன அளந்தோம், என்ன கண்டோம் என்பதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, வனச்சரக அலுவலகத்துக்கும் உங்களோடு நடந்த காவலர்களின் முகாமுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து விடை சொல்லிவிட்டு வாருங்கள்.